இணையவழிக் கடன் அட்டைப் பரிமாற்றத்தில் தனிநபர் தகவல் மறைகாப்பு: கொல்லிமலைச் சுற்றுலா, விளைபொருள் வணிகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடன் அட்டை வழியாக இணையத்தில் பணம் செலுத்துவோரின் அட்டை எண்ணைக் காப்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி 2009 முதல் 2022 வரை பல நெறிமுறைகளைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியுள்ளது. அவற்றால் அட்டை எண் பெருமளவு காக்கப்பட்டுள்ளது. ஆனால் பணம் செலுத்தியவரின் பெயர், கைபேசி எண், பயண நாள், சென்ற இடம் முதலிய ஏனைய தகவல்களுக்கு அத்தகைய தொழில்நுட்பக் காப்பு இல்லை. அவை பயனரின் ஒப்புதலை மட்டுமே நம்பி நிற்கின்றன. ஒப்புதலோ அது கேட்கப்படும் மொழியைச் சார்ந்தது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையை மையமாகக் கொண்ட சுற்றுலா, விளைபொருள் வணிகத்தை எடுத்துக்காட்டாக வைத்து இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. பெயரை நீக்குவதால் மட்டும் ஒருவரின் அடையாளம் மறைவதில்லை என்னும் கருத்தை அகப்பொருள் மரபின் பெயர் சுட்டாமை விதியோடு ஒப்புநோக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடன் அட்டை, தனியுரிமை, டோக்கன் முறை, ஒப்புதல், கொல்லிமலை, நெடுநல்வாடை.

முன்னுரை

‘இணையத்தில் அட்டையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதா?’ என்னும் வினா பொதுவாகப் பண இழப்பைக் கருதியே எழுப்பப்படுகிறது. பணம் களவு போவது உடனே தெரியவரும். முறையிட்டு மீட்கவும் வழியுண்டு. தகவல் களவு போவது அவ்வாறன்று. இழந்தவருக்கே அது தெரியாமல் போகலாம். வெளியே சென்ற தகவலை மீட்டெடுக்கவும் இயலாது. எனவே பணப் பாதுகாப்பு, தகவல் மறைகாப்பு ஆகிய இரண்டையும் தனித்தனியே நோக்குதல் தேவையாகிறது.

நீதியரசர் கே.எஸ். புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அத்தீர்ப்புக்குப் பின் தகவல் மறைகாப்பு என்பது வாடிக்கையாளர் நலன் என்னும் எல்லையைக் கடந்து உரிமை என்னும் நிலையை அடைந்தது. அவ்வுரிமை அன்றாடப் பணப் பரிமாற்றத்தில் எந்த அளவு செயல்வடிவம் பெற்றுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆய்வுக்களம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை, ஆகாயகங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில் ஆகியவற்றால் பயணிகளை ஈர்த்துவருகிறது. ஆடி மாதத்தில் இங்கு வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. மலைவாழ் மக்களில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்குவது; இவர்தம் மொழி தமிழே. மிளகு, காப்பி, பலா, அன்னாசி, வாழை, சாமை, தினை, கேழ்வரகு ஆகியன இம்மலையின் விளைபொருள்கள். இங்குள்ள சிறுதானிய வகைகளைக் காக்கும் பணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நீண்டகாலமாக ஈடுபட்டுள்ளது.

இத்தகைய இடத்துக்குரிய வணிகம் இணையத்துக்கு வரும்போது இரு வகைப் பரிமாற்றங்கள் நிகழ்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் மலைமேல் உள்ள விடுதியில் அறையை முன்பதிவு செய்வது ஒன்று. மலைமிளகையோ சாமை அரிசியையோ வீட்டுக்கு வரவழைப்பது மற்றொன்று. இரண்டிலும் விற்பவர் பெரும்பாலும் சிறு முதலீட்டாளர்; வாங்குபவரோ தொலைவில் இருப்பவர். இருவருக்கும் நடுவே பல நிறுவனங்கள் நிற்கின்றன. இந்நிறுவனங்களின் கையில் எந்தத் தகவல் சேர்கிறது என்பதே முதலில் அறியத்தக்கது.

2. தகவல் செல்லும் வழி

விடுதி அறைக்கு ஒருவர் கடன் அட்டையால் பணம் செலுத்துகிறார் எனக் கொள்வோம். அவர் தரும் தகவல் முதலில் முன்பதிவுத் தளத்தையும், அங்கிருந்து கட்டண நுழைவாயில் எனப்படும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தையும் அடைகிறது. பின்னர் வணிகரின் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அட்டை வலையமைப்பு, அட்டை வழங்கிய வங்கி என்னும் வரிசையில் செல்கிறது. வங்கி ஒப்பியதும் விடை அதே வழியில் திரும்புகிறது. இவையனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன.

இவ்வரிசையில் உள்ள ஒவ்வொருவரும் காண்பது ஒன்றன்று. அட்டை வழங்கிய வங்கிக்கு வணிகரின் பெயர், தொகை, நேரம் ஆகியவை தெரியும். அறையில் உடன் தங்கியவர் யார் என்பது தெரியாது. முன்பதிவுத் தளத்துக்கு வரும் நாள், போகும் நாள், உடன் வருவோர் எண்ணிக்கை ஆகியவை தெரியும். அட்டைதாரரின் பிற செலவுகள் தெரியா. விடுதி உரிமையாளருக்கு விருந்தினரின் பெயரும் கைபேசி எண்ணும் போதும்; அட்டை எண்ணை அவர் காண வேண்டிய தேவையே இல்லை. தகவல் இவ்வாறு பிரிந்து கிடப்பது ஒருவகைக் காப்பாகும்.

ஆனால் பிரிந்து கிடக்கும் இத்தகவல்களை ஒன்றிணைக்கும் கண்ணி ஒன்று உண்டு. அது கைபேசி எண். ஒருமுறைக் கடவுச்சொல்லாகிய ஓ.டி.பி. அவ்வெண்ணுக்கே வருகிறது, முன்பதிவும் அவ்வெண்ணிலேயே நிகழ்கிறது, பொருள் கொண்டுவருபவரும் அவ்வெண்ணிலேயே அழைக்கிறார். ஒரே எண் எல்லா ஏடுகளிலும் இருப்பதால், தனித்தனி நிறுவனங்களிடமிருந்து கசிந்த தகவல்களை ஒருவர் பெயரின்கீழ்த் தொகுப்பது எளிதாகிறது.

3. அட்டை எண்ணுக்கான காப்பு

அட்டை எண்ணைக் காக்கும் முயற்சிகளை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம்.

முதல் நிலை, அட்டைதாரரை உறுதிப்படுத்துதல். அட்டையை நேரில் காட்டாமல் நிகழும் உள்நாட்டுப் பரிமாற்றங்களுக்கு அட்டையில் அச்சிடப்படாத மற்றொரு சான்று வேண்டும் என்னும் விதியை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் நடைமுறைப்படுத்தியது. இன்றைய ஓ.டி.பி. வழக்கம் இதன் விளைவே. அட்டை எண் பிறர் கையில் சிக்கினாலும் பணம் உடனே போகாதிருக்க இது உதவியது. எனினும் எண் சிக்குவதை இவ்விதி தடுக்கவில்லை.

இரண்டாம் நிலை, தகவல் தங்கும் இடத்தை வரையறுத்தல். பணப் பரிமாற்றத் தரவு முழுமையும் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று ஆணையிட்டது. இதனைப் பின்பற்றாத காரணத்தால் 2021இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகியவை இந்தியாவில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது; பின்னர் அவை ஆணைக்கு உட்பட்டதும் தடை நீக்கப்பட்டது. இவ்வாணை மேற்பார்வைக்கு வழிவகுத்தது. ஆயினும் தரவு நாட்டுக்குள் இருப்பது வேறு, தனிநபரின் மறைவு காக்கப்படுவது வேறு என்பதை மறத்தலாகாது.

மூன்றாம் நிலை, எண்ணையே மாற்றுதல். பலமுறை பொருள் வாங்குவோரின் வசதிக்காக வணிகத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்துவைக்கும் வழக்கம் இருந்தது. டோக்கன் எனப்படும் மாற்றுக்குறி முறையை 2019 சனவரியில் சாதனங்களுக்கு அனுமதித்த ரிசர்வ் வங்கி, 2021 செப்டம்பரில் அதனைச் சேமிக்கப்பட்ட அட்டைகளுக்கும் விரிவாக்கியது. காலக்கெடு இருமுறை நீட்டிக்கப்பட்டு, 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி அட்டை வழங்கிய வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர வேறெவரும் அட்டை எண்ணைச் சேமித்துவைத்தல் கூடாது. அடையாளத்துக்காகவும் கணக்குச் சரிபார்ப்புக்காகவும் இறுதி 4 இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மாற்றுக்குறியின் இயல்பு கருதத்தக்கது. ஓர் அட்டைக்கு ஒரு வணிகத் தளத்தில் தரப்படும் குறி அத்தளத்துக்கு மட்டுமே உரியது. அதே அட்டைக்கு மற்றொரு தளத்தில் வேறொரு குறி தரப்படும். ஆகவே ஒரு தளத்திலிருந்து குறிகள் களவாடப்பட்டாலும் அவை பிற இடங்களில் பயன்படா. குறியை உருவாக்க அட்டைதாரரின் வெளிப்படையான ஒப்புதலும் கூடுதல் சான்றும் தேவை. இதற்குக் கட்டணம் இல்லை. விரும்பும்போது குறியை நீக்கவும் செய்யலாம்.

இம்முறையின் தேவையை உணர்த்திய நிகழ்வு பெங்களூருவைச் சேர்ந்த ஜஸ்பே நிறுவனத்தில் 2020 ஆகஸ்டில் நேர்ந்த தகவல் கசிவாகும். 2021 சனவரியில் இது வெளிவந்தபோது, நடு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நிலையில் சுமார் 3.5 கோடி அட்டைப் பதிவுகள் கசிந்தன என்றும், முழு எண்கள் கசியவில்லை என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது. 16 இலக்க எண்ணில் முதல் 6, இறுதி 4 இலக்கங்கள் தெரிந்தால் எஞ்சிய 6 இலக்கங்களுக்கு 10 லட்சம் வாய்ப்புகள் உள்ளன. அட்டை எண்களைச் சரிபார்க்கப் பயன்படும் லூன் கணக்கீட்டைப் பொருத்தினால் அவை 1 லட்சமாகக் குறையும். ஆயினும் நடைமுறை ஏமாற்றுக்கு இக்கணக்கு வேண்டியதில்லை. ‘இந்த வங்கியின், இந்த 4 இலக்கங்களில் முடியும் அட்டை உங்களுடையதுதானே?’ என்று கேட்கும் தொலைபேசிக் குரலை நம்புவதற்குக் கசிந்த சிறு பகுதியே போதுமானது.

4. எண் மறைந்தும் ஆள் வெளிப்படுதல்

அட்டை எண் முற்றிலும் மறைக்கப்பட்ட நிலையிலும் செலவுப் பதிவுகள் ஒருவரை அடையாளம் காட்டும் என்பதை மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஈவ்-அலெக்சாண்டர் தெ மோஞ்சுவாவும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் நிறுவினர். 11 லட்சம் பேர் 3 மாதங்களில் 10,000 கடைகளில் மேற்கொண்ட கடன் அட்டைப் பரிமாற்றங்களை அவர்கள் ஆராய்ந்தனர். அப்பதிவுகளில் பெயரோ கணக்கு எண்ணோ இல்லை. எனினும் ஒருவர் எந்த நாளில் எந்தக் கடையில் இருந்தார் என்னும் செய்தி நான்கு இடங்களுக்குத் தெரிந்தால், 90 விழுக்காட்டினரைத் தனித்துக் கண்டறிய இயன்றது. செலவிட்ட தொகையும் தோராயமாகத் தெரிந்தால் கண்டறியும் வாய்ப்பு சராசரியாக 22 விழுக்காடு கூடியது.

இம்முடிவைக் கொல்லிமலையோடு பொருத்திப் பார்த்தல் பயனுடையது. பெருநகரத்து அங்காடியில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் அட்டையைப் பயன்படுத்துவர்; கூட்டமே அங்கு மறைப்பாக அமைகிறது. மலைமேல் உள்ள சிறு விடுதியில் வார நாளொன்றில் இணையவழிப் பணம் செலுத்துவோர் சிலரே. அத்தகைய இடத்தில் நான்கு செய்திகள் வேண்டியதில்லை. நாள், இடம் என்னும் ஒரே இணை ஒருவரைச் சுட்டிவிடக்கூடும். இடம் எவ்வளவு ஒதுக்கமானதோ அவ்வளவுக்குத் தகவல் அம்பலமானது என்னும் முரண் இங்கு வெளிப்படுகிறது. தனிமை நாடி மலைக்குச் செல்பவரின் பயணமே தரவேட்டில் தனித்துத் தெரிகிறது.

5. பெயர் சுட்டாமையும் அடையாளமும்

பெயரை நீக்கினால் ஆள் மறைவாரா என்னும் வினா தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது எனத் தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுக்கிறது. ஒருவரின் அகவாழ்வைப் பொதுவில் பேசும்போது அவர் இன்னார் எனத் தெரிதல் ஆகாது என்பது இவ்விதியின் பயன் எனலாம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இவ்விதிக்குச் சிக்கலான சோதனையாக அமைந்தது. பிரிவால் வருந்தும் அரசியையும் பாசறையில் இருக்கும் அரசனையும் பாடும் அப்பாட்டில் தலைவனின் பெயர் இடம்பெறவில்லை. எனினும் வேலில் அணிந்த வேம்பு குறிப்பிடப்படுகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப்பூ. இக்குறிப்பு தலைவனைச் சுட்டிவிடுவதால் இப்பாட்டு அகமன்று, புறமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார்.

இதற்கு எதிர்நிலையும் உண்டு. கொல்லிமலையும் அதன் தலைவன் ஓரியும் சங்க அகப்பாடல்களில் உவமையாகப் பெயரோடு இடம்பெறுகின்றனர். அங்குப் பெயர் இருந்தும் பாட்டின் தலைமக்கள் யாரென வெளிப்படுவதில்லை. நெடுநல்வாடையிலோ பெயர் இல்லாமலே தலைவன் வெளிப்படுகிறான். ஆகவே அடையாளம் காட்டுவது பெயரா அன்றா என்பதைவிட, ஒரு குறிப்பு எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதே அளவுகோல் ஆகிறது. இன்றைய தரவு அறிவியலில் மறைமுக அடையாளக்கூறு என்று கூறப்படுவது இத்தகைய குறிப்பையே. செலவுப் பதிவில் உள்ள நாளும் இடமும் தொகையும் வேலில் அணிந்த வேம்புக்கு நிகரானவை. அட்டை எண்ணையும் பெயரையும் நீக்கிவிட்டதால் தரவு மறைவானது என்று கூறும் நிறுவனத்தின் கூற்றை இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.

6. சட்டமும் ஒப்புதலும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43அ பிரிவின்கீழ் 2011இல் வகுக்கப்பட்ட விதிகள், வங்கிக் கணக்கு, கடன் அட்டை முதலிய நிதித் தகவல்களை நுண்ணுணர்வுத் தகவல் எனத் தனியே வகைப்படுத்தின. ஆயினும் ஒருவர் தங்கிய இடமும் பயண நாளும் அவ்வகையுள் அடங்கவில்லை. 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வகைப்பாட்டைக் கைவிட்டு, ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எண்ணிம வடிவத் தரவு அனைத்தையும் ஒரே நிலையில் வைக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன.

இச்சட்டத்தின்படி ஒப்புதல் தன்விருப்பமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்குரியதாகவும், நன்கு அறிந்து தரப்பட்டதாகவும், நோக்கத்துக்குத் தேவையான தரவு அளவோடு நிற்பதாகவும் இருத்தல் வேண்டும். உரிய பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். தமிழ்ச் சூழலுக்கு இன்றியமையாத கூறு ஒன்றும் இதில் உண்டு: ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்கு அளித்தல் வேண்டும். தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது.

இவ்விதி இருவகையில் கொல்லிமலை போன்ற இடங்களைத் தொடுகிறது. ஒன்று, வாங்குபவர் தம் தகவல் எங்குச் செல்கிறது என்பதைத் தமிழில் அறியும் உரிமை பெறுகிறார். மற்றொன்று, விருந்தினரின் பெயரையும் எண்ணையும் கைபேசியில் பதிந்துவைக்கும் சிறு விடுதிக்காரரும் சட்டத்தின் பார்வையில் தரவுக்குப் பொறுப்பாளராகலாம். கையால் எழுதும் விருந்தினர் பதிவேடு, எண்ணிம வடிவுக்கு மாற்றப்படாதவரை சட்ட வரம்புக்குள் வராது. அதனைப் படமெடுத்துச் சேமித்தால் வரும். இக்கடமையை அவர் அறிந்துகொள்வதற்கும் தமிழே வழி.

ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்ட தமிழ் இவ்வுரிமையை நிறைவேற்றாது. ‘தங்கள் தரவு மூன்றாம் தரப்பினரால் செயலாக்கம் செய்யப்படலாம்’ என்னும் தொடரைப் படிப்பவர் யாரிடம் எது செல்கிறது என்பதை அறிய இயலாது. அதற்கு மாறாக, ‘அறையை ஒதுக்குவதற்காக உங்கள் பெயர், கைபேசி எண், வரும் நாள் ஆகியவற்றைப் பெறுகிறோம். இவற்றை விடுதி உரிமையாளருக்கு மட்டும் தருகிறோம். நீங்கள் சென்று 30 நாள்களுக்குப் பின் அழித்துவிடுவோம். விளம்பரச் செய்தி அனுப்ப உங்கள் இசைவு வேண்டும். அதை மறுத்தாலும் அறை கிடைக்கும்’ என்னும் அறிவிப்பு எது, யாருக்கு, எவ்வளவு காலம், மறுத்தால் என்னாகும் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தருகிறது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழ்த்துறையினர் இத்தகைய அறிவிப்பு நடையை உருவாக்குவதில் நேரடிப் பங்காற்ற இயலும்.

7. நடைமுறையில் கொள்ளத்தக்கவை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. அட்டை எண்ணையோ சி.வி.வி. எண்ணையோ புலனம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ விற்பவருக்குத் தருதல் கூடாது. மாற்றுக்குறி முறையின் காப்பு, கட்டண நுழைவாயிலுக்கு வெளியே நிகழும் இத்தகைய பரிமாற்றத்துக்குப் பொருந்தாது. பணம் செலுத்தியபின் சி.வி.வி. எண்ணை எவரும் சேமித்துவைத்தலாகாது என்பது அட்டைத் தொழில்துறையின் உலகளாவிய தரநெறியாகும். விடுதிகள் அடையாளச் சான்று கேட்கும்போது, இறுதி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதார் படியைத் தரலாம். பயன்படாத நேரத்தில் அட்டையின் இணையப் பயன்பாட்டை நிறுத்திவைக்கும் வசதியை வங்கிகள் அளித்தல் வேண்டும் என 2020 சனவரியில் ரிசர்வ் வங்கி பணித்துள்ளது.

வாடிக்கையாளரின் பிழையும் வங்கியின் பிழையும் இன்றி வேறிடத்தில் நேர்ந்த மீறலால் பணம் இழந்தவர், வங்கியின் அறிவிப்பைப் பெற்ற 3 வேலை நாள்களுக்குள் முறையிட்டால் அவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்பது 2017 சூலை 6ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின் விதி. இணையக் குற்றங்களை 1930 என்னும் எண்ணில் உடனே தெரிவிக்கலாம். இவை பண இழப்புக்கான தீர்வுகள். தகவல் இழப்புக்கு இவற்றுக்கு இணையான விரைவுத் தீர்வு இல்லாமையால், தகவலைக் குறைவாகத் தருதலே முதற்காப்பாகிறது.

முடிவுரை

இணையவழிக் கடன் அட்டைப் பரிமாற்றத்தில் அட்டை எண்ணைக் காக்கும் பணியை மாற்றுக்குறி முறை பெரிதும் நிறைவேற்றியுள்ளது. அக்காப்பு பயனரின் மொழியறிவையோ விழிப்பையோ பெரிதும் சார்ந்ததன்று. பயணம், இடம், நாள், தொடர்பு எண் ஆகியவற்றின் மறைவோ முற்றிலும் ஒப்புதலைச் சார்ந்தது. மக்கள் அடர்த்தி குறைந்த கொல்லிமலை போன்ற இடங்களில் இத்தகவல்களே ஒருவரை எளிதில் சுட்டிவிடுகின்றன என்பதால், பெயர் நீக்கம் போதிய காப்பாகாது. நெடுநல்வாடை பற்றிய உரைமரபு இதே உண்மையை இலக்கண நோக்கில் உணர்த்துகிறது.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் பெறும் உரிமையை அளித்துள்ளது. அவ்வறிவிப்பு விடுதி நடத்தும் மலைவாழ் குடும்பத்துக்கும் அறை எடுக்கும் பயணிக்கும் ஒருசேர விளங்கும் தமிழில் அமையாவிட்டால், தரப்படும் இசைவு அறிந்து தந்த இசைவு ஆகாது. நிறுவனங்களின் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வருமுன் தரப்பட்டுள்ள இடைக்காலத்தில் இவ்வறிவிப்புகளின் மொழியை ஆராய்வதும் செப்பம் செய்வதும் தமிழாய்வு உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.